பட்ஜெட்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் அறக்கட்டளைகள் நிதியுதவிக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்புகள் நாளிதழ்களில் வரும்போது, பெரும்பாலும் தலைப்பும் கடைசி நாளும் மட்டுமே அச்சாகின்றன. அதைப் பார்த்துச் சிறு தொண்டு நிறுவனங்கள் அவசர அவசரமாக இருபது பக்கம் எழுதி அனுப்புகின்றன. மறுப்புக் கடிதம் வந்ததும், "நம் எழுத்து எடுபடவில்லை", "ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எழுத்து நடையால் தோற்கும் விண்ணப்பங்கள் குறைவு. பொருந்தாத இடத்தில் கேட்பதும், எழுத்தும் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதுமே பெரும்பாலானவற்றை வீழ்த்துகின்றன. இரண்டையும் விண்ணப்பிப்பவரே சரிசெய்துகொள்ள முடியும்.

அரசுத் திட்டங்கள் பலவற்றில் தகுதி இருந்தால் உரிமையும் உண்டு. தனியார் அறக்கட்டளை அப்படியல்ல. ஒரு குடும்பமோ தொழில் நிறுவனமோ ஒதுக்கிய மூலதனத்திலிருந்து, தான் தேர்ந்தெடுத்த துறைகளுக்கு மட்டும் அது கொடுக்கிறது. எனவே அது என்ன சொல்கிறது என்பதைவிட, இதுவரை யாருக்குக் கொடுத்தது என்பதைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தம் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை 990-பிஎஃப் என்ற ஆண்டுப் படிவத்தில் காட்டவும் வேண்டும். அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் ஆண்டுக் கணக்குகள் கிடைக்கும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையே வழி.

கடந்த மூன்று ஆண்டுகளில் கொடுத்த தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துங்கள். உச்சியில் இருக்கும் தொகை கண்ணைப் பறிக்கும். அது பெரும்பாலும் நெடுநாள் உறவுள்ள நிறுவனத்துக்குப் போனதாக இருக்கும். 40 நல்கைகள் (அறக்கட்டளை கொடுத்த நிதியுதவிகள்) என்றால் 20ஆவதும் 21ஆவதும் எவ்வளவு என்பதே உங்களுக்கான அளவுகோல். புதிதாகப் பெற்றவர்களின் தொகை அதற்கும் கீழே இருக்கலாம். உங்கள் ஆண்டுச் செலவைப்போல் மூன்று மடங்கு கேட்டால், அவ்வளவு பணத்தை இவர்கள் கையாள்வார்களா என்ற ஐயம் முதல் பக்கத்திலேயே எழுந்துவிடும். "அழைப்பின் பேரில் மட்டும்" என்று எழுதியிருக்கும் இடத்துக்கு முழு விண்ணப்பம் அனுப்புவது வீண். அங்கே ஒரு பக்க அறிமுகக் கடிதம் போதும்.

பொருத்தம் உறுதியானதும் பலர் உட்கார்ந்து முன்னுரை எழுதுகிறார்கள். அங்கேதான் தடம் மாறுகிறது. முதலில் எழுத வேண்டியது பட்ஜெட். சுருக்கவுரை படிவத்தில் முதலில் வந்தாலும், எழுதும்போது அது கடைசியில் வரட்டும்.

காரணம் எளிது. வேலையை எண்களாக உடைத்தால்தான் திட்டத்தின் ஓட்டைகள் எழுதுபவருக்கே தெரியவரும். 15 இடங்கள், மாதம் இரண்டு முறை, 10 மாதம் என்றால் 300 பயணங்கள். பட்ஜெட்டில் 300 பயணங்களுக்குப் பணம் வைத்துவிட்டு, விளக்கத்தில் "வாராவாரம் சென்று கண்காணிப்போம்" என்று எழுதினால் அது 600 பயணங்களுக்கு மேல் ஆகிவிடும். மதிப்பீட்டாளர் இதைக் கண்டுபிடித்துவிடுவார், ஏனெனில் அவர் பட்ஜெட்டையும் செயல்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறார். ஒருங்கிணைப்பாளருக்கு 12 மாதச் சம்பளம் போடுவதும் இதே வகைப் பிழை. பணம் கைக்கு வந்தபின் ஆள் தேடிச் சேர்க்க இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாதச் சம்பளம் செலவாகாமல் கிடக்கும். ஆண்டு முடிவில் விளக்கம் சொல்ல வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும். இரண்டாண்டுத் திட்டம் என்றால் இரண்டாம் ஆண்டுக்குச் சம்பள உயர்வைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கட்டும்: அலகு எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு, எத்தனை முறை, விலை எங்கிருந்து வந்தது. "பயிற்சிச் செலவு" என்று ஒரே மொத்தத் தொகை போட்டால், வெட்டும்போது அந்த வரியில்தான் முதலில் கத்தி விழும்.

நிர்வாகச் செலவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகை, மின்சாரம், கணக்காளர், தணிக்கை, இணையம் ஆகியவற்றை மறைத்தால் விண்ணப்பம் சிக்கனமாகத் தெரியும் என்று நம்பிப் பூஜ்யம் போடுகிறவர்கள் ஏராளம். இது நிறுவனத்துக்கே கேடு. பணம் வந்தபின் அந்தச் செலவுகள் நின்றுவிடுவதில்லை. கணக்காளருக்குச் சம்பளம் இல்லாததால் அறிக்கை தாமதமாகும், அடுத்த தவணை நிற்கும். கொடுப்பவர்களும் இதை மெல்ல உணர்ந்து வருகிறார்கள். ஃபோர்டு அறக்கட்டளை திட்ட நல்கைகளில் மறைமுகச் செலவு எனப்படும் நிர்வாகச் செலவுக்கான பங்கை 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்துவதாக 2015இல் அறிவித்தது. அனுமதித்த வரம்பு வரை கேளுங்கள், கூசாமல் கேளுங்கள்.

ஆனால் வரம்பு எதன்மேல் என்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். திட்ட வேலைக்கே ஆகும் நேரடிச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். "நேரடிச் செலவில் 10 சதவீதம்" என்றால் 10, மொத்தம் 110. "மொத்தத் தொகையில் 10 சதவீதம்" என்றால் 11.11, மொத்தம் 111.11. முதல் விதி உள்ள இடத்தில் இரண்டாம் கணக்கைப் போட்டால் வரம்பு மீறியதாகத் திரும்பி வரும். சில அறக்கட்டளைகள் வாகனம், கருவி போன்றவற்றின் விலையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் சதவீதம் தருகின்றன. ஒரு திட்டத்துக்கே முழுக்க உழைக்கும் கணக்காளரை நேரடிச் செலவில் காட்டலாம். ஐந்தில் ஒரு பங்கு நேரம் என்றால் ஐந்தில் ஒரு பங்குச் சம்பளம். அவருடைய மீதி நேரத்தை இன்னொரு நிதியில் காட்டும்போது கூட்டுத்தொகை நூறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது ஒரே செலவை இரண்டு இடத்தில் வாங்கியதாகிவிடும். தணிக்கையில் இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு அரிது. எல்லா நிதிகளையும், எல்லாப் பணியாளர்களையும் ஒரே தாளில் கட்டம் போட்டு வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

பட்ஜெட் தேறியபின் விளக்கம் எழுதும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். பிரச்சினையைச் சொல்லும் பகுதியில், தீர்வு இல்லாததையே பிரச்சினையாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. "இங்கு நூலகம் இல்லை, எனவே நூலகம் வேண்டும்" என்பது வட்டம் சுற்றுவது. பிள்ளைகள் எந்த வகுப்பில் எதைப் படிக்கத் திணறுகிறார்கள், அதை எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். நூலகம்தான் சரியான மருந்தா என்பது அதன்பின் வரும் கேள்வி.

பயனாளி எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 24 வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர் என்றால் வருகை 720. ஒரே 30 பேர்தான் எல்லா வகுப்புக்கும் வருகிறார்கள் என்றால் பயனாளிகள் 30. 720 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் பெயர்ப்பட்டியல் கேட்கும்போது விழிக்க நேரும். வகுப்பு நடத்தியது செயல். கற்றதைப் பயன்படுத்தியது விளைவு. விளைவைக் காட்டத் தொடக்கத்திலேயே ஓர் அளவீடு எடுத்திருக்க வேண்டும். அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

பல படிவங்கள் "லாக்ஃபிரேம்" என்ற திட்டச் சுருக்க அட்டவணை கேட்கும். 1969 வாக்கில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டுக்காக உருவான முறை இது. நான்கு நெடுவரிசைகள்: நோக்கங்களின் படிநிலை, அளவுகோல், ஆதாரம், அனுமானம். நான்காவதை வெற்றாக விடுகிறார்கள் அல்லது "அனைவரின் ஒத்துழைப்பும் கிடைக்கும்" என்று நிரப்புகிறார்கள். மழைக்காலத்தில் பாதை மூடினால், பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனால் என்ன செய்வீர்கள் என்பதற்கு இடம் இதுதான். "பணம் நின்றபின் என்ன?" என்ற கேள்விக்கும் இதே நேர்மை வேண்டும். "வேறு நிதி தேடுவோம்" என்பதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் செலவு முடிந்துபோகும், எது தொடரும், தொடர்வதை யார் ஏற்பார்கள் என்று வரிவரியாகச் சொல்லலாம்.

இணையப் படிவத்தை நிரப்பும்போது ஒரு சின்ன விஷயம். வரம்பு சொல்லிலா எழுத்திலா என்று பாருங்கள். தமிழில் எழுத இடம் தரும் படிவம் என்றால், கணினி எண்ணும் எழுத்து நம் எழுத்து அல்ல. "நிறுவனம்" நமக்கு 5 எழுத்து. யூனிகோடு கணக்கில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 8. தனிக் கோப்பில் எழுதி, எண்ணிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். கடைசி நாள் நள்ளிரவு என்பது பெரும்பாலும் அறக்கட்டளை இருக்கும் ஊரின் நள்ளிரவு. இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவது உத்தமம்.

அனுப்பியபின் நடக்கும் சரிபார்ப்பில் நல்ல விண்ணப்பங்களும் சிக்குகின்றன. பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வரி ஆவணம் மூன்றிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் உறவினர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தணிக்கையாளர் ஏதேனும் குறை எழுதியிருந்தால், அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு பத்தி இணைத்துவிடுங்கள். குறையைவிட மௌனம்தான் அதிகம் உறுத்தும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் தவணைப் பத்தியைப் படியுங்கள். 40, 40, 20 என்று பிரித்து, கடைசி 20 இறுதி அறிக்கைக்குப் பிறகுதான் என்று இருந்தால், கடைசி மாதங்களின் சம்பளத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டிவரும். முடியாது என்றால் கையெழுத்துக்கு முன்பே கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நியாயமான கோரிக்கை என்பதால் பலர் ஏற்பார்கள். பட்ஜெட்டில் ஒரு வரியின் பணத்தை இன்னொரு வரிக்கு மாற்ற எத்தனை சதவீதம் வரை அனுமதி தேவையில்லை என்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய அறிவிப்புகளை வெளியிடும்போது கடைசி நாளோடு இன்னும் நான்கு செய்திகளைச் சேர்க்க வேண்டும்: யார் விண்ணப்பிக்கலாம், அதிகபட்சத் தொகையும் காலமும் எவ்வளவு, நிர்வாகச் செலவுக்கு என்ன வரம்பு, ஐயம் கேட்க எந்த முகவரி. நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களையும் கணக்குகளையும் சரிபார்க்கும் வாசகர்கள்