கயிறு அவிழ்க்கும் முடிவைப் படகு மாஸ்டரிடம் விடுங்கள்

கடலோர மீட்புப் படகுகளுக்குப் பொறுப்பான மேலதிகாரிகளுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் எங்கள் முகத்துவாரத்தில் கவிழ்ந்த ஃபைபர் படகைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறிக்கை உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. "தகவல் கிடைத்ததும் மீட்புப் படகு விரைந்தது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த மீட்புப் படகை நடத்தும் மாஸ்டர் நான். அந்த வரி உண்மையில்லை என்பதால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தகவல் கிடைத்ததும் நாங்கள் விரையவில்லை. படகை எடுக்க மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்தோம்.

ஊர்ப் பஞ்சாயத்தார் நேராக என் போனுக்குத்தான் அழைத்தார்கள். இன்ஜின் டிரைவர் உடனே இன்ஜினைப் போட்டுவிட்டார். படகுப் பணியாட்களான கலாசிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கயிற்றருகே நின்றார்கள். நான் மேலே பேசினேன். கவிழ்ந்த படகின் பதிவு எண் என்ன, உரிமையாளர் யார், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனார்களா என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். உத்தரவு கொடுக்க வேண்டியவர் கூட்டத்தில் இருக்கிறார், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதற்குள் ஊர்க்காரர்கள் ஒரு வல்லத்தை அலைக்குள் தள்ளிப் போய், கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பற்றிக் கிடந்த இரண்டு பேரை ஏற்றிவிட்டார்கள். மூன்றாமவர் கை ஓய்ந்து, நீரோட்டத்தோடு தெற்கே போய்விட்டார்.

அவருடைய அண்ணன் எங்கள் துறைக்கு ஓடிவந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் படகில் நிற்கிறார்கள், படகு மட்டும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார். அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கட்டிப்போட்ட படகில், ஓடுகிற இன்ஜினோடு நின்றுகொண்டு, தம்பியைத் தேடும் ஒருவரின் முகத்தைப் பார்ப்பது எப்படிப்பட்டது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா அய்யா? எங்கள் கலாசிகளில் ஒருவர் கயிற்றை வெட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அவரும் அந்த ஊர்ப் பையன்தான்.

உத்தரவு வந்தபோது நாங்கள் மீட்கப் போகவில்லை, தேடப் போனோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடலில் நின்றவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் வேகம் என்று வைத்துக்கொண்டாலே, ஒரு மணி நேரத்தில் ஒரு ஆளை 1,852 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். காற்றும் அலையும் எந்தப் பக்கம் திருப்பினவோ தெரியாது. தேட வேண்டிய வட்டத்தின் குறுக்களவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. கலங்கிய வெள்ளத் தண்ணீரில், நுரைக்கு நடுவில், ஒரு தலை எவ்வளவு சிறியது! நம் கடல் குளிரில் ஆளைக் கொல்வதில்லை. அலையை விழுங்கி, கை கால் ஓய்ந்துதான் மூழ்குகிறார்கள். அந்த ஓய்வு வருவதற்குள் போய்ச் சேர்வதுதான் எங்கள் வேலை. அன்றைக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. உடலை நாங்கள் கண்டெடுக்கவும் இல்லை. சொந்தக்காரர்கள்தான் கரையோடு நடந்து தேடி எடுத்தார்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஆபத்து என்று அழைப்பு வந்தால், படகை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவைப் படகு மாஸ்டரிடம் விடுங்கள். கிளம்பிய பிறகு வயர்லெஸ்ஸில் உங்களுக்குச் சொல்கிறோம். திரும்பி வந்ததும் டீசலுக்கும் நேரத்துக்கும் கணக்குக் கேளுங்கள், கொடுக்கிறோம்.

"எடுப்பதா வேண்டாமா" என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். முகத்துவாரத்தில் அலை உடைந்துகொண்டிருக்கும்போது போகக் கூடாது என்று சொல்வதும் மாஸ்டரின் வேலை. பெரிய அலைகள் வரிசையாக வந்து போன பிறகு சற்று ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் பாய்ந்து வெளியேற வேண்டும். தவறினால் அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். நீரில் கிடப்பவரை நெருங்கும்போது காற்றுக்கு எந்தப் பக்கம் படகை வைப்பது, எப்போது இன்ஜினை நிறுத்துவது, அறுந்து மிதக்கும் வலை இன்ஜின் விசிறியில் சுற்றாமல் எப்படி விலகுவது, எல்லாமே அந்தந்த நொடியில் அங்கே நிற்பவர் எடுக்கும் முடிவு. இவ்வளவையும் என்னை நம்பி விட்டிருக்கிறீர்கள். கயிற்றை அவிழ்ப்பதற்கு மட்டும் ஏன் நம்பவில்லை?

இது உலகத்தில் இல்லாத வழக்கமும் அல்ல. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் 33ஆம் விதி, ஆபத்துத் தகவல் கிடைத்த கப்பலின் மாஸ்டர் முழு வேகத்தில் உதவிக்குப் போக வேண்டும் என்கிறது. சரக்குக் கப்பலுக்கே அப்படி என்றால் மீட்புக்கென்றே கட்டிய படகுக்கு? பிரிட்டனில் 1824 முதல் இயங்கும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் என்ற கடல் மீட்பு அமைப்பில், படகை இறக்கச் சம்மதம் தருபவர் அந்தந்தப் படகு நிலையத்தைச் சேர்ந்தவர். கடலில் இறங்கியபின் தலைமை முழுக்க மாஸ்டருடையது. தூரத்து நகரத்தில் கூட்டம் முடியும் வரை யாரும் காத்திருப்பதில்லை.

கஜா புயலை மறந்துவிட்டீர்களா? 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் அது கரையேறியபோது கரண்டும் போச்சு, செல்போன் கோபுரமும் போச்சு. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால், உங்கள் விதிப்படி நான் யாரிடம் அனுமதி கேட்பது?

பேச்சு எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரம் ஏன் இவ்வளவு மோசமானது என்று யாராவது கேட்டதுண்டா? மேட்டூரில் தண்ணீர் திறந்தாலே, கடலில் வீணாகக் கலக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அப்படி வேகமாக வந்து கலக்கும் வெள்ளம்தான் முகத்துவாரத்தில் சேரும் மணலை வெளியே தள்ளுகிறது. நீர் குறைந்தால் மணல் ஏறும், ஆழம் போகும், ஆழம் போன இடத்தில்தான் அலை உடையும், அங்கேதான் படகு கவிழும். தூர்வாருங்கள் என்று ஊர் ஊராக மனு கொடுத்துக் கை சலித்துவிட்டது. கடைமடை விவசாயிக்காவது தண்ணீர் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. கடைமடைக்கும் அப்பால் இருக்கிற எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மணலை அள்ளப் பணம் வேண்டும், டெண்டர் வேண்டும், அதற்குக் காலம் ஆகும் என்பது எனக்கும் புரிகிறது. நான் கேட்பதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. ஒரு பக்க உத்தரவு போதும். ஆபத்து அழைப்பு வந்தால் படகு மாஸ்டர் தன் பொறுப்பில் படகை எடுக்கலாம், எடுத்தபின் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டீசல் முறைகேடாகப் போகும் என்ற உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. பொய்யாகக் கிளம்பியவர் மறுநாளே மாட்டுவார். அப்படிப்பட்டவரைத் தண்டியுங்கள்.

கார்த்திகையும் மார்கழியும் இன்னும் பாக்கி இருக்கின்றன. அடுத்த தாழ்வு மண்டலத்துக்கு முன்னால் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதோடு, அறிக்கையில் இருக்கும் அந்த வரியையும் திருத்துங்கள். இறந்தவரின் வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ் பணிபுரியும் மீட்புப் படகு மாஸ்டர் ஒருவர்