பொன்னிற 11 ஸ்பீடு சைக்கிள் செயின்: பணத்தையும் கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) விலையையும் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா, வணக்கம்.

உங்கள் பொன்னிற 11 ஸ்பீடு சைக்கிள் செயின் (கேசட்டில் 11 பல்சக்கரம் உள்ள வண்டிக்கானது) பற்றி நான் பதிந்த புகார் உங்கள் கணினியில் பல மாதங்களாகத் திறந்தபடியே கிடக்கிறது. மின்னஞ்சல், தொலைபேசி, வாட்ஸ்அப், நேரில் என்று எல்லா வழியிலும் வந்து பார்த்துவிட்டேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், அவர் வேறொருவரைக் கைகாட்டுகிறார். அலுத்துப்போய்த்தான் உங்களுக்கே நேராக எழுதுகிறேன். தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். படித்துவிட்டு மறுபடியும் அதே கால் சென்டருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

எந்த மாடல் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தகடுகளை இணைக்கும் ஊசி, அதாவது பின் (pin), உள்ளே குடையப்பட்டது, தகட்டில் துளை போட்டது, பெட்டியின் மேல் 'நீடித்த ஆயுள், குறைந்த உராய்வு, குறைந்த எடை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அதுதான்.

என் சைக்கிளில் இருப்பது ஷிமானோ கம்பெனியின் 105 ரக கியர். வார நாட்களில் விடியற்காலை திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை, ஞாயிறுகளில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவேன். வண்டியோடு வந்த சாதாரண செயின் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உழைத்தது. அதை மாற்றும்போது என் மெக்கானிக் அதே ரகத்தைத்தான் போடச் சொன்னார், விலை இரண்டாயிரத்துக்குப் பக்கம். உங்கள் செயின் ஆறாயிரத்துச் சொச்சம். மூன்று மடங்கு விலை கொடுத்தால் இரண்டு மடங்காவது உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? 'நீடித்த ஆயுள்' என்று எழுதியது நான் அல்ல, நீங்கள்.

அது இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தொடுவதற்குள் தேய்ந்துவிட்டது.

எப்படி அளந்தேன் என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். தேய்மானம் அளக்கும் செயின் செக்கரின் 0.5 (அரை சதவீதம்) பக்கம் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே இறங்கியது. ஒரு கருவியை மட்டும் நம்ப வேண்டாம் என்று எஃகு ஸ்கேலையும் எடுத்தேன். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒரு பின்னிலிருந்து 24 பின் தள்ளினால் 12 அங்குலம் வர வேண்டும். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து, பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக்கி மறுமுனையைப் பார்த்தேன். 24-ஆவது பின்னின் நடு, 12-ஆம் கோட்டைத் தாண்டி, அதற்கடுத்த பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கோட்டையும் தாண்டி நின்றது. அப்படி நின்றால் அரை சதவீதத்துக்கு மேல் நீண்டுவிட்டது என்று அர்த்தம். 11 ஸ்பீடில் அந்தக் கட்டத்தில் செயினைக் கழற்றிவிட வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். 'படம் தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது. வெயிலில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

பராமரிப்பில் குறை என்று சொல்லிவிட முடியாது. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) கடற்காற்றும் மணலும் என்ன செய்யும் என்பது இங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஓட்டி முடித்து வந்ததும் செயினைத் துணியால் துடைக்காமல் நான் வீட்டுக்குள் போனதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டீகிரீசர் போட்டுக் கழுவி, உலர்த்தி, உங்கள் பெட்டியில் பரிந்துரைத்த அதே மெழுகு கலந்த செயின் எண்ணெயைத்தான் போட்டேன். அதற்கும் பில் இருக்கிறது.

முதலில் பேசியவர் என்ன சொன்னார் தெரியுமா? "புதுப் பூச்சு சார், கொஞ்சம் ஓட்டுங்க, செட் ஆயிடும். அப்புறம் ரீடிங் எடுத்து அனுப்புங்க." தேய்ந்த செயின் ஓட்ட ஓட்ட எப்படிச் சரியாகும்? ஆனாலும் தயாரிப்பாளர் தரப்பு சொல்கிறதே என்று ஓட்டினேன். அடுத்து அளந்தபோது செக்கரின் 0.75 பக்கமும் இறங்கியது. அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் குரல்தான் ஆரம்பத்தில் அறிவித்தது. எடுத்துக் கேளுங்கள்.

இனி அம்பத்தூர் விஷயம். இதை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செயினையும் பில்லையும் நேரில் கொண்டுவந்தால் அன்றைக்கே முடித்துத் தருவதாக உங்கள் பிரதிநிதி ஒருவர் சொன்னார். அலுவலகத்துக்கு லீவு போட்டேன். செயினைச் சுத்தம் செய்து, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரயில் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, உச்சி வெயிலில் தொழிற்பேட்டைக்குள் விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி பெரியவர் பாவம், அவர் மட்டும்தான் மரியாதையாகப் பேசினார், உட்காரத் தன் நாற்காலியையும் தந்தார். உள்ளேயிருந்து வந்த பையன், "இது குடோன் சார், இங்கே கஸ்டமர் யாரையும் பார்க்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு நின்றுகூடப் பேசாமல் திரும்பிப் போய்விட்டான். வாசலில் நின்றபடியே என்னை வரச்சொன்ன அதே பிரதிநிதியை அழைத்தேன். "நான் கூரியர்ல அனுப்பச் சொன்னேன், நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார். என்னிடம் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. முகவரியும், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது. கூரியரில் அனுப்ப எதற்கு நேரம் குறிப்பிட வேண்டும்?

அது போகட்டும். அதற்குப் பிறகு அவர் கேட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "உங்க வெயிட் எவ்ளோ சார்?" என்றார். என் எடைக்கும் உங்கள் செயினுக்கும் என்ன சம்பந்தம்? இத்தனை கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் வாங்கக் கூடாது என்று பெட்டியில் எங்கேயாவது போட்டிருக்கிறீர்களா? நான் பதில் சொல்லாமல் இருந்ததும், "இது ரேஸ் ஓட்டறவங்களுக்கான செயின் சார், டெய்லி ஓட்டினா தேயத்தான் செய்யும், கன்சூமபிள்தானே" என்றார். விளம்பரத்தில் 'நெடுந்தூரம் ஓட்டுபவர்களின் தேர்வு' என்று போட்டுவிட்டு, வாங்கின பிறகு தினமும் ஓட்டாதே என்றால் என்ன நியாயம்? அந்த நபர் என்னிடம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு அது முக்கியம்.

கன்சூமபிள் என்பது எனக்கும் தெரியும். செயின் தேயும், டயர் தேயும், பிரேக் பேட் தேயும். மூன்று மடங்கு விலைக்கு விற்ற செயின் மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள செயினில் பாதி தூரம்கூட ஓடவில்லையே, அதற்குத்தான் பதில் கேட்கிறேன்.

செயின் நீள்வது என்றால் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. செயின் பல்லில் ஏறி வளையும்போதெல்லாம் பின்னும், அதைச் சுற்றியிருக்கும் உள்தகட்டின் கழுத்தும் உரசுகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவுக்கு இடம் விடுகிறது. நூற்றுச் சொச்சம் மூட்டுகளிலும் அது சேர்ந்து செயின் நீளமாகிவிடுகிறது. ஆக, தேய்மானத்தைத் தடுக்கிற பூச்சு எங்கே இருக்க வேண்டும்? பின்னின் மேல். என் மெக்கானிக்கும் நானும் கழற்றிய செயினின் ஒரு மூட்டைச் செயின் டூல் வைத்துத் திறந்து பார்த்தோம். வெளித்தகடு வாங்கின அன்று இருந்த மாதிரியே தங்கமாக மின்னுகிறது. பின்னை எடுத்து நகத்தால் வருடினால் ஒரு படி தட்டுப்படுகிறது, தேய்ந்த இடத்தில் வெறும் எஃகின் சாம்பல் நிறம். தேயாத இடத்தில் பூச்சைக் கொடுத்துவிட்டு 'நீடித்த ஆயுள்' என்று விற்றிருக்கிறீர்களா? அல்லது பின்னிலும் பூச்சு இருந்து அது இவ்வளவு சீக்கிரம் போய்விட்டதா? உங்கள் பொருள் உங்களுக்குத் தெரியும். எழுத்தில் சொல்லுங்கள்.

எடை குறைவு என்கிறீர்கள். சாதாரண 11 ஸ்பீடு செயினே கால் கிலோதான். குடைந்தும் துளைத்தும் நீங்கள் மிச்சம் பிடித்தது இருபது கிராம் சொச்சம், பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் குறைகிற எடை. உராய்வு குறைவு என்பதும் சுத்தமாக மெழுகு போட்ட சாதாரண செயினில் எனக்குக் கிடைத்ததுதான். அதே ஆறாயிரத்துக்கு மூன்று சாதாரண செயின் வாங்கி, ஒவ்வொன்றும் 0.5 காட்டும்போது மாற்றியிருந்தால் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருப்பேன், கேசட்டும் பிழைத்திருக்கும். விலை கூடிய செயின் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னுக்கும் உருளைக்கும் உண்மையாகவே கடினப் பூச்சு கொடுத்த செயினை எங்களுடன் ஓட்டும் நண்பர் போட்டிருக்கிறார், நன்றாக உழைக்கிறது. அந்தப் பணம் தகும். உங்களுடையது தகவில்லை.

கேசட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உங்கள் ஆள் சொல்லி ஓட்டியதில், நீண்டுபோன செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்கு அரைத்துவிட்டது. பிறகு ஒரு சாதாரண புதுச் செயின் போட்டு ஓட்டியபோது 15, 17 பல் சக்கரங்களில் அழுத்தி மிதித்தால் செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. முட்டுக்காடு பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் வெறுமையில் இறங்கி, நெஞ்சு ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் பஸ். ஓட்டுநர் பிரேக் போட்டதால் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

உடனே புது கேசட் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 'பழையதைக் கழற்ற வேண்டாம், எங்கள் டெக்னீஷியன் வந்து பார்ப்பார்' என்று மின்னஞ்சல் அனுப்பியது நீங்கள்தான். யாரும் வரவில்லை. அந்தக் காத்திருப்பில் என் 600 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போயிற்று. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரே சீசனுக்குள் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால்தான் சூப்பர் ராண்டனர் பட்டம். மூன்றை முடித்திருந்தேன். 600-ஐ 40 மணி நேரத்தில் முடிக்க, பாதி வழியில் பல் குதிக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு வருட உழைப்பு, விடியற்காலைத் தூக்கம், குடும்பத்துக்குக் கொடுக்காத ஞாயிறுகள், எல்லாம் உங்களால் வீண். பணத்தில் சொன்னால் என் நஷ்டம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. அதற்கு மேலேயும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

கூரியரில் அனுப்பியபோது நடந்ததையும் சொல்கிறேன். குயிக் லிங்க் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) இல்லை என்று பார்சலைத் திருப்பி அனுப்பினீர்கள். அந்த லிங்க்கை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டது உங்கள் பெட்டி. கழற்றியதும் தூக்கிப் போட்டேன். உங்கள் அறிவுரையைப் பின்பற்றியதற்கு எனக்கு இந்தத் தண்டனையா?

சரி, சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. நல்லபடியாக முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். செயினின் முழு விலை, புது கேசட்டின் விலை, அதை மாட்டும் கூலி, போக்குவரத்துச் செலவு, கூரியர் செலவு ஆகியவற்றை 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் சேருங்கள். இதே செயினில் இன்னொன்று தருகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பிரதிநிதியின் வருத்தக் கடிதம் தனியாக வர வேண்டும். பெட்டியிலிருந்து 'நீடித்த ஆயுள்' என்ற வாசகத்தை எடுங்கள், இல்லையென்றால் எந்தச் செயினைவிட எத்தனை கிலோமீட்டர் அதிகம் என்று அதன் பக்கத்திலேயே போடுங்கள். இன்னொருவர் ஆறாயிரம் கொடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

15 நாட்களில் பதில் இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவேன். அதிலும் நடக்கவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் வரை அவகாசமும் இருக்கிறது. அங்கே ஒரு லட்சமும், மன உளைச்சலுக்கான தொகையும் தனியாகக் கேட்பேன்.

பில், அளவெடுத்த படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், திரும்பி வந்த பார்சலின் ரசீது எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். திறந்த மூட்டும் அந்தப் பின்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் டெக்னீஷியன் உண்மையிலேயே வருவதாக இருந்தால் வீட்டுக்கு வரட்டும், காட்டுகிறேன். எதுவானாலும் மின்னஞ்சலில் மட்டும் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் இனி யாரிடமும் பேசுவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை