அம்மை குறட்டை விட்ட அந்த விடியக்காலத்துக்கு ஒரு நன்றி மடல்

போன வாரம் விடியக்காலம் எங்க வீட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் தங்கச்சிக்கும், வண்டி ஓட்டுன பைலட் அண்ணனுக்கும், கூட ஓடி வந்த எல்லாருக்கும் இத எழுதுறேன். பேரு போட வேண்டாம்னு அந்த தங்கச்சி சொல்லிச்சு, போடல, ஆனா படிச்சா அவங்களுக்கே தெரியும்.

எங்க வீடு திருவட்டார் பக்கம், ரோட்டுலேருந்து ரப்பர் தோட்டம் வழியா மேட்டுல ஏறி வரணும். அப்பா வெளிச்சம் வரதுக்கு முன்னயே ரப்பர் பால் வெட்டப் பெய்ட்டாவ. அஞ்சரை மணி இருக்கும், அம்மை பயங்கரமா குறட்டை விட்டுட்டு கிடந்தா, நானும் பாவம் நேத்து ஒருபாடு வேலை, நல்லா உறங்கட்டும்னு நெனச்சு கட்டன்சாயா போட அடுக்களைக்கு பெய்ட்டேன். ஒரு பத்து நிமிஷம். இப்பமும் அத நெனச்சா கை வெறைக்குது, ஏன்னா எங்கம்மை ஜென்மத்துல குறட்டை விட்டது கெடையாது.

திரும்பி வந்து தொட்டா மேலெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கு, கூப்பிட்டா அனக்கமே இல்ல. சுகர் மாத்திரைய ராத்திரி போட்டுட்டு சாப்பிடாம படுத்துருக்கான்னு அப்பந்தான் புத்தியில ஏறுச்சு. உடனே சீனித்தண்ணி கலக்கி ரெண்டு ஸ்பூன் வாயில ஊத்திட்டேன். அது செய்யவே கூடாதாம், நெனவு இல்லாதவங்களுக்கு விழுங்கத் தெரியாது, ஊத்துனது நேரா மூச்சுக்குழாய்க்கு போவும். 108ல போன் எடுத்த அக்காதான் "வாயில ஒண்ணும் குடுக்காதீங்க, ஒரு பக்கமா ஒருச்சாச்சு படுக்க வைங்க"ன்னு அதட்டுனாவ. அந்த அதட்டலுக்கு முதல் நன்றி அக்கா.

பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் ரோட்டுல டார்ச்சோட நின்னு வண்டிய நிறுத்தி வழி காட்டுனாவ. தங்கச்சி மூச்சிரைக்க மேட்டுல ஏறி வந்து முதல்ல கேட்டது "கீழ எங்கயாவது விழுந்தாங்களா, கழுத்துல அடி உண்டா?" இல்லன்னதும் நெத்தியில ஒரு கை, தாடைக்கு அடியில ரெண்டு விரல், தலைய பின்னால சாய்ச்சு தாடைய தூக்குச்சு, அவ்வளவுதான், குறட்டை சட்டுன்னு நின்னுட்டு. நான் மூச்சு நின்னுட்டுன்னு அலறிட்டேன். "அண்ணா, இப்பந்தான் மூச்சு ஒழுங்கா போவுது, நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டைய அடைச்சதுதான் அந்த சத்தம்"னு சொல்லிச்சு. நான் உறக்கம்னு நெனச்சு கேட்டுட்டு நின்னது அம்மை மூச்சுக்கு மல்லுக்கட்டுன சத்தம்.

விரல்ல கிளிப் மாட்டுனா ஆக்சிஜன் ரொம்ப கொறஞ்சு 84. வளைஞ்ச பிளாஸ்டிக் குழாய் ஒண்ண வாயோரத்துலேருந்து காது வரைக்கும் வச்சு அளந்து பார்த்து உள்ள விடப் போச்சு, அம்மை ஓக்காளிச்சா, உடனே உருவிட்டு. ஓக்காளம் வந்தா அத போடக்கூடாதாம், வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள பெய்டுமாம். அதுக்குள்ள கொஞ்சம் வாந்தி வந்துட்டு, ஒருச்சாச்சு சக்ஷன் வச்சு உறிஞ்சுது, ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல வைக்கல, எடுத்துட்டு மறுபடி ஆக்சிஜன், மறுபடி சக்ஷன். மூச்சு கொறஞ்சா பிடிக்கணும்னு, கையால அமுக்கி மூச்சு குடுக்குற ஆம்பு பேக்க என் கையில தந்து ரெடியா வச்சிருக்கச் சொல்லிச்சு, நல்லகாலம் அது வேண்டி வரல. சுகர் பார்த்தா ரொம்ப இறங்கி 34. டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டு நரம்புல குளுக்கோஸ் ஏத்துச்சு.

ஸ்ட்ரெச்சர தோட்டத்து வழியா இறக்குன நாலு பயலுவளுக்கும் நன்றி, அதுல ரெண்டு பேரு கூட எனக்கு ஒரு வருஷமா பேச்சு வார்த்தை கெடையாது, அது வேற கதை மக்கா, முடிஞ்சு போச்சு.

தக்கலை ஆஸ்பத்திரிக்கு போற வழி முழுக்க, நம்ம ரோடு தெரியுமில்லா, வண்டி எவ்வளவு குலுங்குனாலும் அந்த தங்கச்சி கை அம்மை தாடைய விட்டு எடுக்கவே இல்ல. பைலட் அண்ணன் குழி வந்தா முன்னயே "பிடிச்சுக்கோங்க"ன்னு கத்திச் சொல்லுவாவ. அழகியமண்டபம் தாண்டும்போ அம்மை கண்ண முழிச்சு அந்த கைய தட்டி விட்டுட்டு "யாரு பிள்ள நீ"ன்னு கேட்டா. நான் வண்டிக்குள்ள இருந்து அழுதது ரோட்டுல போனவங்களுக்கும் கேட்டிருக்கும்.

முழிச்சாச்சு, வீட்டுக்கு பெய்டலாம்னு கேட்டேன், அந்த மாத்திரை ஒடம்புல இருக்கறது வரைக்கும் சுகர் மறுபடி இறங்கும்னு நர்ஸ் விடல. நான் ஊத்துன சீனித்தண்ணி நெஞ்சுல இறங்கி சளி கட்டி, பிறகு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தா. அந்த வார்டுல ராத்திரி மூணு மணிக்கும் சுகர் பார்த்த நர்ஸ்மாருக்கும், எங்கம்மை வாயத் தாங்குனதுக்கும் சேர்த்து நன்றி.

2008ல 108 வந்தப்ப நம்ம மேட்டுக்கெல்லாம் அது எங்க வரப்போவுதுன்னு டீக்கடையில நக்கல் அடிச்ச கூட்டத்துல நானும் உண்டு. வந்துட்டு.

பைலட் அண்ணா, உங்க கருப்பு டார்ச் எங்க திண்ணையில மறந்து வச்சிட்டு போயிட்டீங்க, சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். அத வாங்க வரும்போ தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, மரச்சீனி பறிக்க நாள் ஆயாச்சு, மீன் மட்டும் நீங்க வர அன்னைக்கு வாங்கிக்கிறேன்னு அம்மை சொல்லச் சொன்னா.