நீக்கிய பத்தியைச் சேர்த்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

இன்று டிசம்பர் 30. பெண்களை மட்டும் வதைத்த சட்டங்களை எதிர்த்து இங்கிலாந்தில் போராடிய ஜோசபின் பட்லர் 1906இல் இறந்த நாள். காலை ஜெபத்திலேயே உங்களுக்கு நினைவு வந்திருக்கும். நாம் பேசிக்கொள்ளாமல் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். வாசிப்பு வட்டத்து நண்பர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே சிலவற்றை அரைகுறையாகத்தான் சொல்ல முடியும்.

பட்லரைப் பற்றிய என் நூலில், உங்கள் மொழிபெயர்ப்பிலிருந்து நான் நீக்கிய பத்தியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஆனால் அந்த மாலை போக மறுக்கிறது. மின்சாரம் இல்லை. உங்கள் வராந்தாவில் எமர்ஜென்சி விளக்கின் கீழ் உங்கள் மொழிபெயர்ப்பை வாசித்தீர்கள். லிவர்பூல், பிரவுன்லோ ஹில் ஏழையர் விடுதியின் நிலவறை. தார் படிந்த பழைய கப்பல் கயிறுகளை நார் நாராகப் பிரிக்கும் பெண்கள். பட்லர் அவர்கள் நடுவே ஈரத் தரையில் உட்கார்ந்து தானும் கயிறு பிரிக்கப் பார்க்கிறார், விரல்கள் ஒத்துழைக்கவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். அதுவரை உங்கள் குரல் நன்றாக இருந்தது. பிறகு உயரமான ஒரு பெண் எழுந்து, "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். அத்தனை பேரும் மண்டியிடுகிறார்கள். நிலவறையில் ஓர் ஒலி எழுகிறது. அந்த இடத்தில் நீங்கள் தாளை மடியில் வைத்துவிட்டீர்கள்.

ஐந்து வயது ஈவா 1864இல் மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து விழுந்து இறந்த பிறகுதான், தன் வலியைவிடக் கூரிய வலியைத் தேடி பட்லர் அந்த விடுதிக்குப் போனார். அந்த அத்தியாயத்தை நீங்கள் ஏன் கேட்டு வாங்கினீர்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். இங்கே வேண்டாம்.

இது தெரிந்தும் கயிற்றையும் சிரிப்பையும் வைத்துக்கொண்டு மண்டியிட்டதை வெட்டினேன். மதத் துண்டுப் பிரசுரம் என்று நூலை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் முழுக்கப் பொய்யுமல்ல. அவர் எதிர்த்த தொற்றுநோய்ச் சட்டங்களின்படி, படைமுகாம் ஊர்களிலும் துறைமுகங்களிலும் விபசாரி என்று மஃப்டி போலீஸ் சந்தேகப்பட்டால் போதும், எந்தப் பெண்ணையும் பால்வினை நோய்க்கான மருத்துவச் சோதனைக்கு இழுக்கலாம், மறுத்தால் சிறை, ஆணுக்குச் சோதனையே இல்லை. இதற்குக் கோபப்பட பக்தி எதற்கு என்று கேட்டேன். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

மெய்ப்புப் பார்க்கும்போதுதான் உறைத்தது. 1870 ஜனவரி 1 அன்று பெண்களின் எதிர்ப்பு அறிக்கை வெளியானது முதல் 1886இல் சட்டங்கள் ரத்தாகும் வரை பதினாறு ஆண்டுகள். 1872இல் பாண்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் வைக்கோல் பரணில் பெண்கள் கூட்டம் நடக்கும்போதே கீழே தீ வைத்தார்கள். அதற்குப் பிறகும் இந்த அம்மாள் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டால் என் நூலில் பதிலே இல்லை. ஆணை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் இழுத்துவந்து நிறுத்தியவர்களைக் கலைத்தனுப்பிய இயேசுவைத்தான் அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை உருவிவிட்டு நான் ஒரு மனு எழுதும் பெண்மணியை வரைந்து வைத்திருந்தேன்.

மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? கடைசி அத்தியாயம் முழுக்க உங்கள் சிவப்பு மை. 1868இல் இதே மாதிரிச் சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. பரங்கிமலையிலும் திருச்சியிலும் பெண்களை அடைத்து வைக்கும் மருத்துவமனைகள் இருந்தன. அதை எதிர்த்து அவர் எழுதினார், உண்மை. ஆனால் நம் பெண்களை வாயற்றவர்களாகவும், அவர்களைத் தூக்கிவிட வேண்டியவர்கள் ஆங்கிலேயப் பெண்களே என்றும் எழுதினார். 1900இல், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டன் பக்கம் நின்று ஒரு புத்தகமே போட்டார். "இது தேவையா தம்பி?" என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள். பரிசுத்தவாட்டிக்கு அழுக்குப் படக்கூடாது என்று நீங்கள் அடித்தது எந்த விதத்தில் நியாயம்? அந்தப் பக்கங்களும் அப்படியே இருக்கும். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் இருக்கும். இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சர்க்கரை கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். 61ஆம் பக்கத்தில் ஒரு சொல் இன்னும் காலியாக இருக்கிறது. மண்டியிட்ட பெண்களிடமிருந்து எழுந்த அந்த ஒலிக்கு நீங்கள் ஒரு சொல் போட்டிருந்தீர்கள். அழுகை இல்லை, ஒப்பாரியும் இல்லை. உங்கள் கையெழுத்துத் தாளை அன்றைய ஆத்திரத்தில் கிழித்துப் போட்டுவிட்டேன். பேச வேண்டாம், அக்கா. அந்தச் சொல்லை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி