காற்று பலக்கும்போது பாயை இறக்குவதா, சுருக்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கடலில் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்ற அறிவிப்பு பத்திரிகையில் வந்தால், வள்ளக்காரருக்கு அது ‘கரையிலேயே நில்’ என்ற சொல். வெளிக்கிட்டு விட்ட பாய்ப்படகுக்காரருக்கோ அது எவ்வளவு பாய் என்ற கணக்கு. நம் கரையில் அவருக்கும் கிடைக்கும் புத்தி ஒன்றுதான்: ‘பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் வா’. கனத்த கீல் (படகின் அடியில் நீருக்குள் நீளும் பாரம்) உள்ள பயணப் படகுக்கு இது பிழையான புத்தி. பாயின் கீழ்ப்பகுதியை மட்டும் மடித்துச் சிறிதாக்குவதே, அதாவது சுருக்குவதே, சரி.

பாய் இல்லாத படகு அலையில் பக்கத்துக்குப் பக்கம் உருளும். அந்த உருளலில் டீசல் தாங்கியின் அடியில் கிடக்கும் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் நிற்பது எப்போதும் வேண்டாத இடத்தில்தான். வடகிழக்கிலிருந்து கரை நோக்கி வீசும் வாடையில் அது நின்றால் காற்று படகைக் கரைக்கே கொண்டுபோகும். பாயை முழுதாக இறக்கிக் கட்டி வைத்தவருக்கு அதை மறுபடி ஏற்ற நேரம் இருக்காது.

50 கிலோமீற்றர் என்பது 27 நொட் (மணித்தியாலத்துக்கு 27 கடல் மைல்). வேகம் இரட்டித்தால் பாயில் விழும் அழுத்தம் நாலு மடங்கு. அறிவிப்பில் வருவது பெரும்பாலும் சராசரி. வீச்சு வரும்போது அதைவிடக் கூடும். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக 5 நொட்டில் ஏறினால் தளத்தில் உணர்வது 30ஐத் தாண்டும். அதே காற்றோடு ஓடினால் 22தான். ஏமாறுவது இங்கேதான். ஓடும்போது சுகமாக இருக்கிறதே என்று முழுப் பாயோடு விட்டு, பிறகு சுருக்க நினைத்தால் பாய், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளில் அழுந்திக் கிடக்கும், இறங்காது. சுருக்குவதற்குக் காற்றுமுகமாகத் திரும்ப வேண்டும். திரும்பியதும் உண்மையான காற்று முகத்தில் அறையும்.

சுமார் 10 மீற்றர்ப் படகுக்குப் பொதுவான அளவு: தளத்தில் 18 - 20 நொட் வந்ததும் முதற் சுருக்கு, 25இல் இரண்டாவது, 30ஐத் தாண்டினால் மூன்றாவது. காற்றுமானி இல்லையா, சுக்கானைப் பாருங்கள். நேரே போக அதை எப்போதும் ஒரு பக்கம் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, படகு 20 - 25 பாகைக்கு மேல் சரிந்தாலோ பாய் கூடிப்போயிற்று.

சுருக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் பூம் என்கிற கீழ்ப்பருமலை மேலிருந்து தாங்கும் கயிற்றை இறுக்க வேண்டும். இல்லையேல் பூம் தளத்தில் உள்ளவர் தலையில் விழும். பிறகு பெரிய பாயின் தாமானையும் (பாயை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறு), பூமைக் கீழே இழுக்கும் கப்பிக் கயிற்றையும் தளர்த்துங்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஆஞ்சானைக் குறியிட்ட இடம் வரை இறக்கி, முன்விளிம்பு வளையத்தைப் பாய்மரத்தடிக் கொக்கியில் மாட்டுங்கள். உடனே ஆஞ்சானை மறுபடி இறுக்க வேண்டும், முன்விளிம்பில் நெடுக்காக ஒரு மடிப்பு விழும் வரை. அதற்குப் பிறகுதான் பின்முனைச் சுருக்குக் கயிறு. பின்விளிம்பு வளையம் பூமோடு ஒட்டி, பின்னாலும் இழுபட வேண்டும். இந்தக் கயிறு தளர்ந்திருந்தால் பாய் பைபோல உப்பும். சுருக்கியும் படகு சரிந்தபடியே ஓடும். நடுவில் வரும் சிறு கட்டுக் கயிறுகள் தொங்கும் துணியைச் சேர்த்துப் பிடிக்க மட்டுமே. அவற்றில் சுமை விழுந்தால் கண்ணோட்டையிலிருந்து துணி கிழியும். பாயை மறுபடி விரிக்கும்போது ஒரு கட்டை அவிழ்க்க மறந்தாலும் அதே கதி.

முன்பாய் ரோலரில் சுருள்வது வசதிதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் நடுவயிறு உப்பி, வேகம் போய்ச் சரிவு மட்டும் மிஞ்சும். சுருட்டியதும் தாமான் ஓடும் கப்பியை முன்னே நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால் அடிவிளிம்பு விறைக்கும், மேற்பகுதி படபடக்கும். முன்விளிம்பில் மேல், நடு, கீழ் என மூன்று கம்பளி நூல் கட்டி, மெல்லக் காற்றுமுகமாகத் திருப்பிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகத் துடித்தால் சரி. மேல்நூல் முந்தினால் கப்பி இன்னும் முன்னே போக வேண்டும். ரோலர்க் கயிறு உருளையில் சில சுற்று மிச்சமாக இருக்கட்டும். பலத்த காற்றில் பாய் இறுகிச் சுருளும், கயிறு கூடுதலாகத் தேவைப்படும். அந்தக் கயிறு அறுந்தால் முழுப்பாயும் ஒரே நொடியில் விரியும்.

மிஞ்சிய பாய் பலகைபோலத் தட்டையாக இருக்க வேண்டும். ஆஞ்சான், பாய்மரத்தைப் பின்னே இழுக்கும் பின்கம்பி, பூம் நுனியில் பாயை இழுக்கும் கயிறு மூன்றையும் இறுக்கினால் உப்பு குறையும். காற்றோடு ஓடும்போது பூம் நுனியிலிருந்து அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) ஒரு தடுப்புக் கயிறு கட்டுங்கள். பூமின் நடுவில் கட்டினால், தவறிப் பாய் மறுபக்கம் மாறும் நேரத்தில் பூமே முறியக்கூடும்.

நம் வெயிலில் துணிக்கு முன் தையல்நூல் உக்கும். நகத்தால் ஒரு தையலைச் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடிந்தால் அந்தப் பாயைப் பலத்த காற்றில் நம்பக்கூடாது.

ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லை என்று அறிவிப்பில் காற்றின் திசையை வெட்டிவிடாதீர்கள். வாடையில் கரை காற்றுக்குக் கீழே, அதாவது அது தள்ளும் பக்கத்தில், கிடக்கும். முகத்துவாரத்து மணல்மேட்டில் அலை உடையும். ஒலுவில் துறைமுக வாயை மணல் மூடிய கதை ஊரறிந்தது. ஆகவே சுருக்கிய பெரிய பாய் ஏறியபடியே இருக்க வேண்டும், கரையை விட்டு விலக அதுதான் துணை. தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சானில் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். முழுப்பாய் போதும் என்று தோன்றும். காற்று தள்ளுவதோ வெளிக்கடலுக்கு, அலை உயர்வதும் அங்கேதான். ஆகவே முதற் சுருக்கைக் கரை மறைவிலேயே போட்டுவிட வேண்டும். 50 என்ற எண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பாய்ப்படகோட்டி ஒருவர்,
கல்குடா.