சுங்கானைப் பற்றவைத்தது யார்?

டேய் பிரபு,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான், அதைப் பற்றி அப்பாவைவிட அம்மாதான் அதிகம் பேசுகிறார். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' மாயக்கதைத் தொடரின் 14 பாகத்தையும் ஒருவழியாக முடித்தாய் என்பதில் பரம சந்தோஷம். ஆனால் முடித்த கையோடு, கடைசிக் காட்சியில் கதாநாயகன் ரேண்டின் சுங்கான் தானாகப் பற்றிக்கொள்கிறதே, அதற்கு "ரேண்டின் சுங்கானைப் பற்றவைத்தது படைத்தவன்தான், கேஸ் முடிந்தது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறாயே, அது எப்படிடா? எல்லாம் சந்துரு சகவாசம்.

சந்துருவை நினைவுபடுத்துகிறேன். ரேண்டிடம் வந்து சேர்ந்த மஸ்ரிம் தைம்தான் வேஷம் போட்டிருக்கும் டெமாண்ட்ரெட் (இருளோன் என்ற தீய சக்தியின் பழைய யுகத்து அடியாள்) என்று சத்தியம் செய்தவன். அவனிடம் சாட்சி இல்லாமல் இல்லை. 6-வது பாகத்தில் தைம் வாயிலிருந்து பாலைவனத்து ஏயல் மக்களைப் பற்றி 'ஏயல் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்' என்ற தொனியில் ஒரு பேச்சு வருகிறது. பழைய யுகத்து ஏயல்களை நேரில் பார்த்தவன் பேசுகிற பேச்சு அது. அதே பாகத்தின் முன்னுரையில் டெமாண்ட்ரெட்டுக்கு இருளோனிடமிருந்து ஒரு கட்டளை கிடைக்கிறது, முடிவில் 'நன்றாகச் செய்தேனா பிரபுவே' என்று கேட்கிறான். நடுவில் அவன் செய்ததாக எதுவும் காட்டப்படவில்லை, தைம் மட்டும் ஏகப்பட்ட வேலை செய்கிறான். கச்சிதமான வாதம். ராபர்ட் ஜோர்டனே மறுத்த பிறகும் சந்துரு விடவில்லை. கடைசிப் பாகத்தில் டெமாண்ட்ரெட் ஷாரா தேசத்துப் படையோடு வந்து இறங்கினானே, அப்போதுதான் வாயை மூடினான். அதுவும் அரை மனதாக.

அடுத்து, இருளோனின் இன்னொரு அடியாள் அஸ்மோடியனின் கொலையைப் பார். 5-வது பாகம், 1993. அதே கூட்டத்து ராஹ்வினின் மின்னலில் ரேண்டின் ஆட்கள் மேட், அவியெண்டா, கூடவே அஸ்மோடியன் மூவரும் சாகிறார்கள். ரேண்ட் ராஹ்வினைப் பேல்ஃபயரால் எரிக்கிறான். பேல்ஃபயர் ஆளை மட்டும் கொல்லாது, உலகம் என்ற நெசவில் அவனுடைய இழையைப் பின்னோக்கியும் எரிக்கும். எவ்வளவு சக்தி செலுத்துகிறாயோ அவ்வளவு தூரம் பின்னால் போகும். அந்தத் தூரத்துக்குள் அவன் செய்த காரியங்கள் நடக்காதவை ஆகிவிடும், பார்த்தவர்களின் நினைவு மட்டும் மிஞ்சும். அதனால் மூவரும் பிழைத்தார்கள். பிழைத்த அஸ்மோடியன் அரண்மனையில் ஒரு கதவைத் திறந்து, எதிரில் நின்ற ஆளைப் பார்த்து 'நீயா?' என்று அலறி, அன்றே மறுபடி செத்தான். கொன்றது யார் என்று 17 வருஷம் அடிதடி. 2010-ல் வந்த 13-வது பாகத்தின் பின்னிணைப்பில், அதே கூட்டத்து கிரேண்டால் என்று போட்டுவிட்டார்கள். 'உன் செயலால் மூன்று பேர் அழிந்தார்கள்' என்று அவளிடம் கணக்குக் கேட்கும் இடம் அதே பாகத்தில் இருக்கிறது. பின்னிணைப்பைப் படிக்காதவன் அந்த மூன்றில் ஒன்று யார் என்று விரல்விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஜோர்டன் இயற்பியல் படித்த மனுஷன். அமெரிக்கக் கடற்படையில் அணுசக்திப் பொறியாளராக இருந்தவர். அவருடைய உலகத்தில் மந்திர சக்திக்கு விதி உண்டு, விதிக்கு வெளியே ஒன்று நடந்தால் அதற்கும் முன்னேற்பாடு உண்டு. நல்ல உதாரணம் ரேண்டின் உடல் மாற்றமேதான். 1996-ல் வந்த 7-வது பாகத்தில், ஷாதர் லோகோத் இடிபாடுகளில் ரேண்டும், இருளோனின் தளபதி மொரிடினும் விட்ட பேல்ஃபயர்கள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. அந்த நிமிஷம் மொரிடின் யார் என்றுகூட ரேண்டுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சைதினை (ஆண்கள் கையாளும் மந்திர சக்தி) பிடிக்கும்போதெல்லாம் குமட்டல், தலைசுற்றல், கண்முன் ஒரு முகம். 2013-ல் வந்த கடைசிப் பாகத்தில் ரேண்ட் மொரிடினின் உடம்பில் கண்விழிக்கிறான். 'வாழ வேண்டுமென்றால் சாக வேண்டும்' என்ற பதிலை மாய வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் 4-வது பாகத்திலேயே கொடுத்தாயிற்று. அலிவியா என்பவள் ரேண்ட் சாக உதவுவாள் என்று, வரப்போவதைக் காட்சியாகக் காணும் மின் பார்த்ததை நினைத்து நாமெல்லாம் நடுங்கினோமே, கடைசியில் அவள் செய்தது என்ன? மாற்றுத்துணி, பணம், குதிரை எடுத்து வைத்தாள். மின் பார்ப்பது பொய்க்காது, அதற்கு அர்த்தம் சொல்லும்போதுதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

இப்போது சுங்கான். அந்தக் கடைசிக் காட்சி ஜோர்டன் 2007-ல் இறப்பதற்கு முன் தானே எழுதி வைத்தது. அதைச் சுற்றித்தான் பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களையும் கட்டினார். ஆகவே 'சாண்டர்சன் சும்மா செருகிவிட்டார்' என்ற ராகவியின் கட்சி முதலிலேயே டெபாசிட் இழக்கிறது. காட்சியில் இருப்பது இவ்வளவுதான்: ரேண்டிடம் சக்தி இல்லை, சுங்கான் பற்றியிருப்பதாக நினைக்கிறான், பற்றியிருக்கிறது.

சைதின் கிடையாது என்று காட்சியே சொல்லிவிட்டது. ட்ரூ பவர்? மொரிடின் அதில் ஊறியவன், உடம்பும் அவனுடையது, அதனால் நிறையப் பேர் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் அது இருளோன் அனுமதித்தால்தான் கிடைக்கும். அவனைத்தான் சற்றுமுன் திரும்ப அடைத்தாயிற்று. கனவுலகில் நினைத்தால் நடக்கும், சரி. ஆனால் பக்கத்தில் மந்திரக்காரி காட்சுவேன் விழித்துக்கொண்டு நின்று இவனை நோட்டம் விடுகிறாள், அது கனவில்லை. ரேண்ட் தா'வெரன், சுற்றி நடப்பதைத் தன் பக்கம் வளைக்கிற பிறவி. ஆனால் அதனால் தற்செயல்தான் வளையும். பண்டார் எபன் நகரத்தில் கெட்டுப்போன தானியத்துக்கு நடுவே நல்ல மூட்டைகள் கிடைத்ததே, அது தா'வெரன் கணக்கில் சேரும். தீக்குச்சி இல்லாமல் தீ வருவது எந்தத் தற்செயலிலும் சேராது.

உன் 'படைத்தவன்' கட்சியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அவன் கைவைப்பதில்லை என்பதே இந்தக் கதையின் அஸ்திவாரம். உலகமே அழிகிறபோது சும்மா இருந்தவன், ஒருத்தன் புகையிலைக்கு நெருப்புக் கொடுக்க இறங்கி வந்தானாக்கும்!

என் கட்சி ஆப்பிள் தோட்டம். 13-வது பாகத்தின் முதல் அத்தியாயத்தை மறுபடி படி. டிராகன்மவுண்ட் உச்சியிலிருந்து இறங்கி வரும் ரேண்ட் ஆல்மன் பண்ட்டின் தோட்டத்தைக் கடக்கிறான். (முதல் பாகத்தில் அவனையும் மேட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கேம்லின் போன கிழவன்தான். உனக்கு மறந்திருக்கும்.) பட்டுப்போன மரங்கள் பூத்துக் காய்த்துவிடுகின்றன. எந்த மந்திர நெசவும் இல்லை. பிறகு கடைசிச் சண்டையில், இருளோனுக்கு முன்னால், உலகம் நெய்யப்பட்டிருக்கும் 'பேட்டர்ன்' இழைகளையே எடுத்து 'உலகம் இப்படி இருக்கும்' என்று ஒவ்வொன்றாக நெய்து காட்டுகிறான். தோட்டத்தில் தானாக நடந்தது, அங்கே வேண்டுமென்றே நடந்தது. சுங்கான் அதன் மூன்றாவது படி: சண்டை இல்லாத நேரத்தில், சின்னதாக, தனக்காக.

இதில் எனக்கே உறுத்துகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. சக்தி ஏன் போயிற்று? உடம்பு மாறியதால் என்று நீ சுலபமாகச் சொல்லிவிட முடியாது. முன்பு ஆணாக இருந்த ஆரன்'கார் பெண் உடம்பில் இருந்துகொண்டு சைதினைத்தான் பிடித்தாள். அப்படியானால் அது ஆன்மாவோடு போகிற சமாசாரம். இங்கே ஆன்மாவும் சக்தி உள்ளது, மொரிடினின் உடம்பும் சக்தியைக் கையாண்டதுதான். இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம் எப்படி வரும்? கல்லண்டோர் என்ற மந்திர வாளில் அதிகமாக இழுத்து எரிந்துபோயிருக்கலாம். அளவுக்கு மீறினால் தடுக்கிற அரண் அந்த வாளில் கிடையாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் சக்தி அறுபட்டவர்கள் எப்படி இருந்தார்கள்? சிவான், லியான், லோகெய்ன், மூன்று பேரையும் பார். உயிர் வாழும் ஆசையே வற்றிவிடும். அந்த இடத்தை நிரப்ப வேறொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான் தாங்கினார்கள். ரேண்டோ சக்தி போனதைப் பற்றி ஒரு துளி வருத்தமில்லாமல், மூன்று பெண்களில் யார் பின்னால் வருவாள் என்று யோசித்துக்கொண்டு குதிரை ஏறுகிறான்.

அறுபட்டவன் இப்படி இருக்க மாட்டான் பிரபு. கொடுத்து மாற்றிக்கொண்டவன்தான் இப்படி இருப்பான். எதைக் கொடுத்து எதை வாங்கினான், யாரிடம் என்பதற்கு மட்டும் புத்தகத்தில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மர்மப் பெண் நகோமியை உள்ளே இழுக்காதே, அவள் யார் என்பதே தனி வழக்கு.

மறுத்து எழுதுவதானால் ஆரன்'கார் கணக்குக்குப் பதில் சொல்லிவிட்டு எழுது. இந்தக் கடிதத்தைச் சந்துருவிடம் காட்டாதே, சுங்கானுக்குள் தைம் ஒளிந்திருந்தான் என்பான். தங்கச்சி கல்யாணத் தேதி குறித்ததும் சொல், லீவு போட வேண்டும்.

உன்,
குமார்