அரிவாள் செல் சோகை: பிழை எங்கே?

ஆசிரியருக்கு,

நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை பற்றிய செய்தியை 'மரபணுக் கோளாறு' என்பதோடு முடித்துவிட்டீர்கள். டி.என்.ஏ.விலிருந்து நகலெடுத்த தூது ஆர்.என்.ஏ.வை செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பகுதியான, 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா குளோபினில், 6-ஆவது இடத்துக்குரிய ஜி.ஏ.ஜி. என்ற மும்மை இந்நோயில் ஜி.யு.ஜி. ஆகிவிடுகிறது, குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின். புரதம் முழு நீளத்துக்கே உருவாகிறது. ஆனால் ஆக்சிஜனை இழந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, இழைகளாகிச் சிவப்பணுவை வளைத்துவிடுகிறது.

எழுத்து மாறாமல் கூடுதலாக ஒன்று நுழைந்தால் விளைவு வேறு: அதன்பின் எல்லா மும்மைகளும் பிசகி, புரதத்தை முடிக்கும் நிறுத்தக் குறி பெரும்பாலும் முன்கூட்டியே வந்துவிடும். பீட்டா குளோபின் குறைவதால் வரும் பரம்பரைச் சோகையான பீட்டா தலசீமியாவின் ஒரு வகை அப்படித்தான்.

ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்தால் நோயின்றிப் பிழையான மரபணு ஒன்றைச் சுமக்கும் கடத்துநரைக் கண்டறிய முடியாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை தேவை. பெற்றோர் இருவரும் கடத்துநரானால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். இதையாவது தயவுசெய்து அச்சிடுங்கள்.

மரபியல் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்